ஏழையின் அரக்கு: வெனிசு நகரத் தளபாடக் கலை பற்றிய ஒரு நோக்கு

பழந் தளபாடங்களின் மீது அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி, மேலே வார்னிசு பூசி அழகுபடுத்தும் முறை 'டெக்கூபாஜ்' எனப்படுகின்றது. வெட்டியெடுத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்த சொல் இது. இன்று இஃது ஓய்வுநேரக் கைவேலையாகவே பெரிதும் அறியப்படுகின்றது. ஆயின் 18ஆம் நூற்றாண்டு வெனிசிலே இது பலருக்குச் சோறிட்ட தொழிலாக விளங்கிற்று. அத்தொழில் எவ்வாறு தோன்றியது, அதனைச் செய்தோர் யாவர் என்னும் வினாக்கள் கலை வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூக வரலாற்றுக்கும் உரியனவாகும்.

17ஆம் நூற்றாண்டிலே கிழக்கிந்தியக் கம்பனிகளின் கப்பல்கள் சீன, யப்பானிய அரக்குப் பொருள்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றன. இவ்வரக்கு மாத்தளைக் கைவினைஞர் கையாளும் பூச்சியரக்கினின்றும் வேறானது. கிழக்காசியாவில் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பாலே அது. அதனை மெல்லிய படைகளாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு படையும் இறுகியபின் தேய்த்து மெருகிடுவர். சீனத்துச் செதுக்கு அரக்குத் திரைகள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியே சென்றமையால், ஐரோப்பியரிடையே 'கோரமண்டல்' திரைகள் என்றே பெயர் பெற்றன. செய்தவரின் நாடு மறைய, ஏற்றிய துறையின் பெயர் நிலைத்தது.

ஐரோப்பியச் செல்வர் இப்பொருள்களைப் பெரிதும் விரும்பினர். ஆயின் அம்மரம் அங்கு வளரவில்லை. அதன் பாலும் நெடுங்கடற் பயணத்தைத் தாங்கவில்லை. எனவே அதனைப் போன்ற மெருகினை வேறு பொருள்களாற் பெறும் முயற்சிகள் எழுந்தன. 1688இல் இங்கிலாந்திலே ஸ்டாக்கர், பாக்கர் என்போர் இது குறித்து நூலொன்று வெளியிட்டனர். 1720இல் உரோமாபுரியிலே பிலிப்போ பொனான்னி என்னும் இயேசுசபைத் துறவி சீன வார்னிசு பற்றித் தனிநூல் இயற்றினார். வெனிசுக் கைவினைஞரும் இத்துறையிற் சிறந்து விளங்கினர். எனினும் ஒவ்வொரு பேழையிலும் கையாற் சித்திரம் தீட்டுவதற்குத் தேர்ந்த ஓவியனும் நீண்ட காலமும் வேண்டியிருந்தன. வேட்கை பெருகியபோது மலிவான வழியொன்று தேவைப்பட்டது.

அவ்வழியை அச்சுக்கலை தந்தது. வெனிசுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பசானோ நகரில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரெமொந்தினி குடும்பத்தார் நிறுவிய அச்சகம் மலிவான படங்களைப் பெருந்தொகையாக வெளியிட்டது. தெசினோப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சிறு வியாபாரிகள் அவற்றை ஊர் ஊராகச் சுமந்து ஐரோப்பா எங்கும் விற்றனர். மலர்களும் பறவைகளும் வேட்டைக் காட்சிகளும் சீன உடையணிந்த மனிதரும் வரிசை வரிசையாக அச்சிடப்பட்ட தாள்கள், வெட்டி ஒட்டுவதற்கென்றே விற்பனையாயின. மரத்தின் மீது வெண்சுதை பூசி, வண்ணம் தீட்டி, நிறமூட்டிய படங்களை வெட்டி ஒட்டுவர். பின்பு மரப்பிசினை மதுசாரத்திற் கரைத்த வார்னிசைப் பன்முறை பூசித் தேய்ப்பர். தாளின் விளிம்பு கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாது மறைதலே இவ்வேலையின் நுட்பமாகும்.

இதற்கு வழங்கிய பெயர் 'லாக்கா போவெரா' என்பதாம். 'ஏழை அரக்கு' என்பது அதன் பொருள். இப்பெயர் ஒரு மதிப்பீட்டையும் உட்கொண்டது. ஓவியன் தீட்டியது உயர்ந்தது, தாளை ஒட்டியது தாழ்ந்தது என்ற எண்ணம் அதில் உறைந்துள்ளது. ஆயின் ஓவியன் தீட்டிய வெனிசு அரக்கும் கிழக்காசிய அரக்கின் போலியே. போலிகளுள் ஒன்றனை மட்டும் 'ஏழை' என ஒதுக்கியது விலையேயன்றிக் கலைத்திறன் அன்று.

இதே வேலை மேல்வகுப்பு இல்லங்களுட் புகுந்தபோது அதன் மதிப்பு மாறிற்று. இலண்டனில் ரொபேட் சேயர் வெளியிட்ட 'மாதர் பொழுதுபோக்கு' என்னும் நூல் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட வடிவங்களைக் கொண்டிருந்தது. 1762இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. ஒரு சாராரின் பிழைப்பு மற்றொரு சாராரின் பொழுதுபோக்காயிற்று. தளபாடத்தை விட்டுத் தாளின் மீதே வண்ணத்தாட் துண்டுகளால் மலர்களை அமைத்த மேரி டிலேனி (1700–1788), எழுபது வயதின் பின் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் படங்களை ஆக்கினார். அவை பிரித்தானிய நூதனசாலையிற் பேணப்படுகின்றன. அவருடைய திறமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் பெயரை நாம் அறிந்திருத்தற்கு அத்திறமை மட்டுமே காரணமன்று. அவர் எழுதிய கடிதங்களும் அவரது சமூக நிலையும் காரணங்களாகும்.

வெனிசுத் தொழிலாளருக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1797இல் குடியரசு வீழ்ந்தது. 1861இல் ரெமொந்தினி அச்சகமும் மூடப்பட்டது. முதலாளியின் பெயர் வரலாற்றில் உண்டு. தாளுக்கு நிறமூட்டியோர், கத்தரித்தோர், வார்னிசு தேய்த்தோர் ஆகியோரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. அவர்கள் ஆக்கிய 'ஏழை' அரக்குப் பேழைகள் இன்று பழம்பொருட் சந்தையிலே செல்வர் வாங்கும் பொருள்களாகிவிட்டன. பொருளின் விலை உயர்ந்தது; உழைத்தவர் பெயரற்றவராகவே உள்ளனர்.

கைவினைப் பொருளொன்றைக் காணும்போது அது அசலா போலியா என்ற வினாவோடு நாம் அமைதல் ஆகாது. யாருடைய தேவை அதனைத் தோற்றுவித்தது, யாருடைய கைகள் அதனை முடித்தன, யாருடைய பெயரால் அது நிலைத்தது என்பனவும் வினவப்படல் வேண்டும். வார்னிசுப் படைகளின் அடியிலே மறைந்த தாளின் விளிம்பைப் போன்று, உழைப்பும் தேடிக் காணப்பட வேண்டியதொன்றாகும்.