காரில் ஏறிய வானொலி

பழைய கார் ஒன்றை வாங்குபவர் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, அதில் பாட்டுக் கேட்க ஒரு கருவியைப் பொருத்துவது. ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர்கள், சில மீட்டர் கம்பி, ஒரு பியூஸ். அரை நாளில் வேலை முடிந்துவிடும். செலவும் காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனால் 1930-ஆம் ஆண்டில் இதே வேலைக்கு இரண்டு ஆட்கள் சில நாட்கள் உழைக்க வேண்டியிருந்தது. முகப்புப் பலகையைக் கழற்ற வேண்டும். ஏரியல் பதிக்கக் கூரையின் உட்புறத் துணியைப் பிரிக்க வேண்டும். பாட்டரிகளை வைக்கத் தரைப் பலகையை வெட்ட வேண்டும்.

இந்தச் செலவும் உழைப்பும் எவ்வாறு குறைந்தன? வானொலிப் பெட்டி மேம்பட்டதனால் மட்டும் அன்று. அதைக் காருக்குள் குடியேற்றுவதில் மூன்று தடைகள் இருந்தன: இரைச்சல், மின்சாரம், இடம். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய வரலாறே கார் ஒலிக்கருவி மலிவான வரலாறு.

கண்காட்சிக்கு வெளியே ஒரு கார்

1920-களில் அமெரிக்காவில் வானொலி வீடுதோறும் பரவியது. காரிலும் அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அது செல்வர்கள் தனியே சொல்லிச் செய்துகொண்ட ஆடம்பரமாகவே இருந்தது.

சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்னும் சகோதரர்கள் 1928-இல் ஒரு சிறு தொழிலகம் தொடங்கினர். பாட்டரியில் இயங்கும் வானொலியை வீட்டு மின்சாரத்தில் இயக்க உதவும் துணைக்கருவி அவர்களுடைய சரக்கு. நேரே வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வானொலிகள் பெருகவே, அந்தச் சரக்குக்குத் தேவை குறைந்தது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தையும் சரிந்தது. புதிதாக ஏதேனும் செய்தால்தான் தொழில் பிழைக்கும் என்ற நிலை. நடுத்தர மக்கள் வாங்கக்கூடிய விலையில் கார் வானொலி செய்வது என்று பால் கால்வின் முடிவு செய்தார். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் போன்றோர் இம்முயற்சியில் துணை நின்றனர்.

1930 ஜூன் மாதத்தில் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. உள்ளே கடை போடக் கால்வினுக்கு இடமில்லை. தம் சொந்த ஸ்டுடிபேக்கர் காரில் வானொலியைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, வாயிலுக்கு அருகே நிறுத்தி உரக்கப் பாட வைத்தார். வந்தவர்கள் கூடினர், அவர் எதிர்பார்த்த ஆர்டர்களும் கிடைத்தன. அந்த வானொலிக்கு வைத்த பெயர் மோட்டரோலா. 1947-இல் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆயிற்று.

துணைப் பொருள்களும் பொருத்துக் கூலியும் சேர்த்து அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை. அப்போது ஃபோர்டு கம்பெனியின் சாதாரணக் கார் ஒன்றே 500 டாலருக்குள் கிடைத்தது. அதாவது, காரின் விலையில் நாலில் ஒரு பங்கு. அன்று இதுதான் மலிவு!

ஒரு கதையும் சொல்வதுண்டு. கடன் கேட்டுச் சென்ற கால்வின், வங்கியாளரின் பாக்கார்டு காரில் ஒரு வானொலியைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணிக்குள் அந்தக் கார் தீப்பற்றியதாம். கடன் கிடைக்கவில்லை. கதை எவ்வளவு உண்மையோ, காரில் மின்கம்பி இழுப்பது விளையாட்டல்ல என்னும் பாடம் உண்மை.

எஞ்சினே ஓர் ஒலிபரப்பு நிலையம்

முதல் தடை இரைச்சல். மார்க்கோனி காலத்து ஒலிபரப்பிகள் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளை உண்டாக்கின. பெட்ரோல் எஞ்சினிலும் அதே மின்பொறிதான் வேலை செய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், 4,000 மின்பொறிகள் தோன்றும். ஒவ்வொன்றும் அருகிலுள்ள வானொலிக்குள் ஒரு 'படபட' ஓசையாக நுழையும். எஞ்சினை நிறுத்தினால் பாட்டுக் கேட்கலாம். ஓட்டினால் இரைச்சலைத்தான் கேட்கலாம்!

இதற்கு மருந்து எளியதே. ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளில் சுமார் 10,000 ஓம் மின்தடைகளைச் சேர்த்தனர். பொறி தோன்றும், ஆனால் அதன் அதிர்வு அடங்கிவிடும். மின்னாக்கியின் முனையில் ஒரு மின்தேக்கியை இணைத்து அதன் இரைச்சலைத் தரைக்கு அனுப்பினர். வானொலியை உலோகப் பெட்டியில் அடைத்தனர். இவை விலை குறைந்த பொருள்கள். எந்தக் காரில் எங்கே வைத்தால் இரைச்சல் அடங்கும் என்று கண்டறிவதில்தான் நாட்கள் கழிந்தன.

ஆறு வோல்ட் போதவில்லை

இரண்டாவது தடை மின்சாரம். அக்காலக் கார்களின் பாட்டரி 6 வோல்ட். வால்வுகளின் இழையைச் சூடாக்க அது போதும். ஆனால் வால்வின் தகட்டுக்கு நூறு வோல்ட்டுக்கும் மேல் தேவை. ஆகவே 45 வோல்ட் உலர் பாட்டரிகள் மூன்று நான்கைத் தரைக்கடியில் ஒரு பெட்டியில் வைத்தனர். தீர்ந்தபோதெல்லாம் புதிது வாங்க வேண்டும். கருவி வாங்கிய செலவோடு போகாமல், அதை வைத்திருப்பதும் செலவாயிற்று.

நேர்மின்னோட்டத்தை மின்மாற்றியால் உயர்த்த முடியாது என்பது நாம் அறிந்ததே. 1930-களில் பரவிய 'வைப்ரேட்டர்' இதற்கு வழி செய்தது. அதனுள் ஒரு மெல்லிய எஃகு நாக்கு விநாடிக்கு நூறு முறைக்கு மேல் அதிர்ந்து, மின்னோட்டத்தை விட்டு விட்டுச் செலுத்தும். அவ்வாறு துண்டான மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தும். அதன் ரீங்காரம் கேட்கத்தான் செய்தது. தொடுமுனைகளும் நாளடைவில் தேய்ந்தன. ஆயினும் உலர் பாட்டரிச் செலவு ஒழிந்தது.

ஐரோப்பாவில் 1932-இல் ஜெர்மனியின் புளாபுங்க்ட் கார் வானொலி வெளிவந்தது. அதன் விலை காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

தடையை முற்றிலும் நீக்கியது 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர். அது கார் பாட்டரியின் குறைந்த வோல்ட்டிலேயே இயங்கும். 1955-இல் ஃபில்கோ, கிரைஸ்லர் நிறுவனங்கள் வால்வே இல்லாத கார் வானொலியை அறிவித்தன. விலை 150 டாலர். முதலில் அதுவும் ஆடம்பரமே. டிரான்சிஸ்டரின் விலை விழுந்தபின்தான் வைப்ரேட்டரும் வால்வும் காரைவிட்டு இறங்கின.

தட்டும் நாடாவும்

நிலையம் தருவதைக் கேட்பது போய், தாம் விரும்பியதைக் கேட்கும் ஆசை அடுத்து எழுந்தது. கிரைஸ்லர் 1956-ஆம் ஆண்டுக் கார்களில் இசைத்தட்டுக் கருவியையே வைத்தது. தட்டு நிமிடத்துக்கு 16⅔ முறை சுழலும். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண இசைத்தட்டு அதில் ஓடாது. அதற்கென்றே செய்த தட்டு வேண்டும். அது நிலைக்கவில்லை.

1960-களில் அதே வில்லியம் லியர் எட்டுத் தட நாடாப் பெட்டியை உருவாக்கினார்; ஃபோர்டு தன் 1966-ஆம் ஆண்டுக் கார்களில் அதைச் சேர்த்தது. ஆனால் நீடித்த வெற்றி, ஃபிலிப்ஸ் 1963-இல் வெளியிட்ட சிறிய கேசட்டுக்கே. பிற நிறுவனங்களும் கட்டணமின்றி அதைச் செய்ய ஃபிலிப்ஸ் இசைந்ததால் போட்டி பெருகியது, விலை குறைந்தது. வீட்டிலேயே பதிவு செய்யவும் முடிந்தது.

ஒரே அளவில் ஒரு துளை

மூன்றாவது தடை இடம். ஒவ்வொரு காருக்கும் ஒவ்வோர் அளவு என்றால் பொருத்துக் கூலி எப்படிக் குறையும்? ஜெர்மன் தர நிர்ணய அமைப்பு 1984-இல் முகப்புத் துளைக்கு ஓர் அளவை வகுத்தது: ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். பின்னர் அது உலகத் தரமும் ஆயிற்று. எவர் செய்த பெட்டியும் எவர் செய்த காரிலும் நுழைந்தது. கடைக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

இன்று பல புதிய கார்களில் திரையே முகப்பின் பகுதியாகிவிட்டது. அந்தத் துளை மறைந்து வருகிறது. பழைய கார் வைத்திருப்பவருக்கு அது இன்னும் பயன்படுகிறது. அவர் பணத்தை வீணாக்காதிருக்க இந்த வரலாறே வழிகாட்டும். 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தும் எளிய பெருக்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபின்றி 4.5 வாட்டுக்கு மேல் தர இயலாது. இரு பெருக்கிகளைப் பாலமாக இணைத்தால் அதன் நான்கு மடங்கு, 18 வாட். சிறு பெட்டியின்மேல் நூற்றுக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருந்தால், அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம்.

எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை ஒலி கேட்டால், பெட்டியை மாற்றுமுன் தரை இணைப்பைச் சோதியுங்கள். வண்ணம் சுரண்டிய வெற்று உலோகத்தில் அது இறுகியிருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து நேரே வரும் கம்பிக்குப் பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வையுங்கள். கம்பி எங்கேனும் உரசித் தேய்ந்தால், முதலில் எரிய வேண்டியது சில ரூபாய் பியூஸ்தான், கார் அன்று.