மலாக்கா குன்றில் வலக்கை இல்லாத சவேரியார்

மலாக்கா, செயின்ட் பால் குன்றின் படிகளில் ஏறி மேலே வந்தால் கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதன் முன்னால், பீடத்தின்மேல் வெள்ளைச் சிலை. புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை அது. வலக்கை இல்லை. பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பதும் அதைத்தான்: கை எங்கே போனது?

சவேரியார் மலாக்காவில் தங்கியிருந்ததன் நினைவாக, ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து 1952இல் இச்சிலை நிறுவப்பட்டது. மந்திரிப்புச் சடங்கு நடந்த மறுநாளே பெரிய சவுக்கு மரம் ஒன்று சாய்ந்து விழுந்து சிலையின் வலக்கையை முறித்துவிட்டது என்பது மலாக்காவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

குன்றின்மேல் மரம் விழுவது புதிதல்ல. ஆனால் முறிந்தது வலக்கை என்பதால்தான் இது பெரும் பேச்சானது. 1614இல் சவேரியாரின் உடலிலிருந்து வலது முன்கை பிரிக்கப்பட்டு ரோமுக்கு அனுப்பப்பட்டது. இயேசு சபையின் ஜெசு ஆலயத்தில் அது இன்றும் இருக்கிறது. உடல் இருப்பது கோவாவில்.

அந்தக் கைக்கு என்ன அவ்வளவு மதிப்பு? இங்கேதான் தமிழர் கதை வருகிறது. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். பரதவர் ஊர்களில் தங்கி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாகக் கற்று, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் அவருக்குச் சரளமாக வந்ததில்லை. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதாக 1544இல் தம் சபையினருக்கு எழுதினார். அடுத்து, திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கும் மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545இல் எழுதியிருக்கிறார். ரோமில் போற்றப்படுவது தென்கடற்கரையில் ஓய்ந்துபோன அந்தக் கைதான்.

அதே 1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, அங்கிருந்து கப்பலேறி மலாக்கா வந்தார். இந்தக் குன்றின்மேல் அப்போது இருந்தது, போர்த்துகீசியரான துவார்த்தே கொயல்யோ 1521இல் கட்டிய மாதா சிற்றாலயம். 1548இல் அது இயேசு சபையின் கைக்கு வந்தது. ஜப்பானியரான அஞ்சிரோவைச் சவேரியார் சந்தித்ததும் மலாக்காவில்தான், 1547 டிசம்பரில். அந்தச் சந்திப்பே அவரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது.

மலாக்கா அவரை எப்போதும் அன்போடு நடத்தியதாகச் சொல்ல முடியாது. 1552இல் சீனாவுக்குத் தூதுக்குழுவோடு புறப்பட இருந்தவரை, இங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி அல்வாரோ தெ அத்தாயிதே தடுத்தார். தூதுக்குழு கலைந்தது. மனம் கசந்து தனியாகப் புறப்பட்ட சவேரியார், அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரைக்கு எதிரே சாஞ்சியான் தீவில் காய்ச்சலில் இறந்தார். சீனாவின் பெருநிலத்தில் அவர் கால் வைக்கவே இல்லை.

1553 மார்ச்சில் அவர் உடல் மலாக்காவுக்கே திரும்பி வந்தது. மக்கள் திரண்டு வரவேற்றார்கள். குன்றின்மேல் உள்ள ஆலயத்தில் அடக்கம் நடந்தது. சுமார் ஒன்பது மாதங்களுக்குப் பின் உடல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஆலயத்துக்குச் செயின்ட் பால் என்று பெயர் மாற்றினார்கள். கீழே சிவப்புத் தேவாலயம் 1753இல் எழும்பியதும் இங்கே வழிபாடு நின்று, குன்று இடுகாடானது. சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பெரிய கற்பலகைகள் அக்காலத்துக் கல்லறைக் கற்கள். ஆங்கிலேயர் தங்கள் காலத்தில் இதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். முன்னால் நிற்கும் வெள்ளைக் கோபுரம் அவர்கள் கட்டிய கலங்கரை விளக்கம்.

சவேரியார் கிடந்த குழி ஆலயத்தின் உள்ளே, கம்பிவலைக்குள் வெறுமையாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதில் காசு போடுவதுண்டு. வெளியே சிலைக்கு மாற்றுக் கை பொருத்தப்படவில்லை.