விண்வெளியில் மூலக்கூறு தாங்காது என்றிருந்த காலம்

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்த ரப்பர் பேண்ட் சில வாரத்தில் பிசுபிசுத்துப் போகும். இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். "வெயில் தின்னுடுச்சு" என்பார் பாட்டி. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியை அறுக்கின்றன என்று பிறகு படித்தேன்.

விண்மீன்களுக்கு இடையே காற்று கிடையாது. அங்கே புறஊதாக் கதிர் தனியாகவே மூலக்கூறுகளை உடைக்கிறது. இதை ஒளிச்சிதைவு என்கிறோம். மறைப்பு எதுவும் இல்லாத வெளியில் ஒரு நீர் மூலக்கூறு சில பத்தாண்டுகள்தான் தாங்கும். விண்வெளிக் கணக்கில் அது கண் சிமிட்டும் நேரம்.

இதை வானியலாளர்கள் அறிந்திருந்தார்கள். 1937 முதல் 1941 வரை விண்வெளியில் மூன்று மூலக்கூறுகள் அடையாளம் காணப்பட்டன. மூன்றுமே இரண்டு அணு கொண்டவை. அதைவிடப் பெரியது பிழைக்காது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். கணக்கு சரிதான், ஆனால் முடிவு தப்பு. 1968இல் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் கலிபோர்னியாவில் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பியபோது, நான்கு அணு கொண்ட அம்மோனியா கிடைத்தது. அடுத்து நீர். 1969இல் ஃபார்மால்டிஹைடு.

விட்டுப்போனது என்ன? நிழல். விண்முகில்களில் உள்ள நுண்ணிய தூசு புறஊதாக் கதிரை விழுங்கிவிடும்; உள்ளே இருக்கும் மூலக்கூறு தப்பித்துக்கொள்ளும்.

ஹைட்ரஜன் மூலக்கூற்றின் கதை இன்னும் சுவையானது. அதன் பிணைப்பை உடைக்க 4.5 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஆனால் அந்த அளவு ஆற்றலுள்ள ஒளியை அது நேராக ஏற்காது. 11 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஒளியை வாங்கி மேல்நிலைக்குத் தாவ வேண்டும். திரும்பி இறங்கும்போது, ஏறக்குறைய பத்தில் ஒரு தடவைதான் இரு அணுக்களும் பிரிகின்றன. இந்த வழியை 1960களில் பிலிப் சாலமன் சுட்டிக்காட்டினார். முகிலின் வெளிப்பக்கத்து மூலக்கூறுகளே அந்த ஒளியை வாங்கிக்கொள்வதால் உட்பக்கம் இருப்பவை பிழைக்கின்றன. முன்வரிசை அடி வாங்குது, பின்வரிசை தப்பிக்குது!

போன தவணை படிவம் ஐந்து மாணவர் ஒருவர் கட்டுரையில் "மூலக்கூறு எரிந்து சாம்பலாகிறது" என்று எழுதியிருந்தார். தமிழ் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், சாம்பலும் மிஞ்ச வேண்டும். இங்கே பிணைப்பு அறுகிறது, அணுக்கள் பிரிகின்றன, அவ்வளவுதான். "சிதைகிறது" என்று எழுதுங்கள், மாணவர்களே.

சரி, இந்த ஹைட்ரஜனை நம் மலாக்கா தஞ்சோங் பிடாராவில் உள்ள வானாய்வகத்திலிருந்து பார்க்கலாமா? முடியாது. அது உறிஞ்சும் புறஊதா ஒளியைப் பூமியின் காற்று மண்டலம் தரைக்கு விடாது. அதனால்தான் 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜார்ஜ் கரதர்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க இயற்பியலாளர் தம் புறஊதாக் கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார். பெர்சியஸ் குழுவின் ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவில், தூசு மறைவில், ஹைட்ரஜனில் பாதிக்குக் கிட்ட மூலக்கூறாகவே உடையாமல் இருந்தது.