செடியா, பிராணியா?

பினாங்கிலிருந்து படகேறிப் பாயார் தீவுக்குச் சென்று பவளங்களைக் கண்டு மீண்ட நண்பர் ஒருவர், "இது செடியா, பிராணியா?" என்று நம்மை வினவினார். இதே வினா இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியரையும் வாட்டியது.

ஜினீவாவில் பிறந்த ஆபிரகாம் டிரெம்பிளே என்பார், ஹாலந்தில் ஹேக் நகரையடுத்த மாளிகையொன்றில் பெண்டிங்க் பிரபுவின் புதல்வர் இருவருக்குப் பாடஞ் சொல்லி வந்தார். 1740ஆம் ஆண்டுக் கோடையில், நீர்ச்செடிகளை இட்டு வைத்த கண்ணாடிச் சாடியில் சின்னஞ்சிறு பச்சைக் குழல்கள் ஒட்டியிருக்கக் கண்டார். நாம் இன்று ஹைட்ரா என்று சொல்லும் உயிர் அதுவே. பச்சையாயிருந்தமையால் செடி என்றே எண்ணினார். ஆனால் அதன் நூல்போன்ற கரங்கள் அசைந்தன. சாடியைக் குலுக்கினால் உடல் சுருங்கிற்று. வெளிச்சம் விழும் பக்கத்தை நாடி அவை நகர்ந்து கூடின!

ஐயந்தீர்க்க அவர் பண்டை நூல்களைப் புரட்டவில்லை; கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினால் தழைப்பது செடி, மடிவது பிராணி என்பது அவர் கணக்கு. நவம்பர் 25இல் ஒன்றை இரண்டாக வெட்டினார். சில தினங்களில் வால்துண்டுக்குக் கரங்கள் முளைத்து, இரண்டும் முழு உயிர்களாயின. கணக்குப்படி அது செடியே. ஆயினும் அது நடப்பதையும், இரையைப் பிடித்து விழுங்குவதையும் கண்டபின் அவர் தம் கணக்கைக் கைவிட்டாரேயன்றிக் கண்டதைக் கைவிடவில்லை. பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் ரேயோமூருக்குச் சிலவற்றை அனுப்பினார். சாடியை அரக்கிட்டு இறுக மூடியதால் முதலில் சென்றவை வழியிலேயே மாண்டன, பாவம்! மறுமுறை அனுப்பியவை உயிருடன் சேர்ந்தன. பிராணியே என்று ரேயோமூரும் 1741இல் உறுதிகூறினார். 1743இல் லண்டன் ராயல் சங்கம் டிரெம்பிளேவுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

பச்சை நிறத்தின் மர்மமோ பின்னும் நெடுங்காலம் நின்றது. அந்நிறம் ஹைட்ராவினுடையதன்று, அதன் உடலணுக்களுள் குடியிருக்கும் நுண்ணிய பாசியினுடையது என்று கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர் 1881இல் விளக்கினார். பாசி சூரிய ஒளியால் சர்க்கரை சமைத்து ஒரு பங்கை ஹைட்ராவுக்குத் தருகிறது. ஹைட்ரா அதற்கு இடமும் காப்பும் தருகிறது. இரையின்றியும் வெளிச்சத்தில் பச்சை ஹைட்ரா பன்னாள் தாங்கும். எனவே டிரெம்பிளேயின் முதல் எண்ணம் முழுப் பிழையன்று. பிராணிக்குள் செடி ஒளிந்திருந்தது.

நண்பர் கண்ட பவளமும் ஹைட்ராவின் உறவுப் பிராணியே. அதனுள்ளும் வேறொரு வகைப் பாசி வாழ்ந்து, அதன் உணவில் பெரும்பங்கை ஆக்கித் தருகிறது. கடல்நீர் ஓரிரு டிகிரி மிகுந்து சில வாரங்கள் அப்படியே நீடித்தால் பாசி நீங்கிவிடும், பவளம் வெளுக்கும், பாசி மீளாவிடில் பட்டினியால் மடியும். 2010இல் மலேசியக் கடல்களில் பவளங்கள் இவ்வாறு வெளுத்தபோது, மூழ்கிப் பார்ப்போர் செல்லும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் சில மாதங்கள் மூடி வைத்தது.