நிறுவனம் எடுத்த வீட்டின் வாடகை நிலுவை: இயக்குநர் பொறுப்பாவாரா?

மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் நிறுவனங்கள் தங்கள் பெயரில் அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு எடுத்து, ஊழியர்களையோ இயக்குநர்களையோ குடியமர்த்துகின்றன. 'கம்பெனி லீஸ்' எனப்படும் இம்முறையில் வாடகை நிலுவையாகி, நிறுவனமும் நொடித்துவிட்டால் அத்தொகையை வீட்டு உரிமையாளர் யாரிடம் கோருவது?

பதிவு பெற்ற நிறுவனம் சட்டத்தின் பார்வையில் தனியொரு நபர். அதன் கடன் இயக்குநரின் கடனாகாது. பிறர் சார்பில் கையெழுத்திடும் முகவர், வேறு உடன்பாடு இல்லாதவரை, அந்த ஒப்பந்தத்துக்குத் தனிப்பட்ட முறையில் கட்டுப்பட்டவரல்லர் என இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 230-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், யார் சார்பில் கையெழுத்திடுகிறார் என்பதை வெளியிடாதபோது அவரே பொறுப்பாளி எனக் கருதப்படுவார். எனவே, கையொப்பத்துக்கு மேல் 'நிறுவனத்துக்காக' என்ற சொல் இருப்பது முக்கியம்.

சிக்கல் பெரும்பாலும் தனிப்பட்ட உத்தரவாதத்தில்தான் தொடங்குகிறது. சிறு நிறுவனங்களுக்கு வீடு தரும் உரிமையாளர்கள் இயக்குநரின் உத்தரவாதத்தையும் கேட்பதுண்டு. பல பக்க ஒப்பந்தத்தின் இறுதியில் ஒரே பத்தியாக இடம்பெறும்போது அது கண்ணில் படாமல் போவது எளிது. 128-ஆவது பிரிவின்படி, மாறாக எதுவும் எழுதப்படாவிட்டால், பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது. நிறுவனத்தின் மீது முதலில் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும் என்பதில்லை. பதவி விலகுவதால் மட்டும் இப்பொறுப்பு தானாக நீங்காது. எனினும், பிணையாளரின் சம்மதமின்றி ஒப்பந்த நிபந்தனைகள் மாற்றப்பட்டால், அதற்குப் பிந்தைய பரிவர்த்தனைகளில் இருந்து 133-ஆவது பிரிவு அவரை விடுவிக்கிறது.

திவால் சட்டம், 2016-இன் கீழ் நடவடிக்கை தொடங்கி, தடைக்காலம் அமலானால் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரவோ வீட்டை மீட்கவோ இயலாது. அந்தப் பாதுகாப்பு பிணையாளருக்குக் கிடையாது. நிறுவனத்துக்கான தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டாலும் பிணையாளரின் பொறுப்பு தானாக முடிவதில்லை என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாடகைக்கு நிறுவனம் அளித்த காசோலை பணமின்றித் திரும்பினால் நிலைமை வேறு. உரிய அறிவிப்புக்குப் பின்னரும் பணம் செலுத்தப்படாவிட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 138, 141-ஆவது பிரிவுகளின் கீழ், நிர்வாகப் பொறுப்பில் இருந்த இயக்குநர் மீதும் குற்ற வழக்குத் தொடரலாம். அதிகபட்ச தண்டனை 2 ஆண்டு சிறை, காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும்.

வீட்டில் வசிக்கும் ஊழியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவரை, வெறுமனே குடியிருந்ததற்காக நிலுவைக்குப் பொறுப்பாகமாட்டார். ஆனால், நிறுவனத்தின் வழியே கிடைத்த குடியிருப்பு என்பதால், அதன் உரிமை முடிவுக்கு வரும்போது அவரும் வீட்டைக் காலி செய்ய நேரிடும்.