மூளைப் படமும் மலையகப் பாதையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. கணனியின் துணைகொண்டு மூளையைப் படமாக்கும் துறையின் வளர்ச்சியை நோக்குமிடத்து, அவ்வழக்கத்தின் போதாமை தெளிவாகும்.

மண்டையோட்டினுள் உறையும் மூளையைச் சாதாரண எக்ஸ் கதிர்ப்படம் தெளிவாகக் காட்டுவதில்லை. பல திசைகளினின்றும் கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு குறைந்து வெளிவருகின்றன என அளந்து, அவ்வளவுகளிலிருந்து உள்ளுருவைக் கணித்தறிவதே சி.ரி. முறையின் அடிப்படையாகும். இதற்குரிய கணிதத்தை 1917இல் யொஹான் ராடன் வகுத்தார். 1956இல் கேப் டவுன் வைத்தியசாலையொன்றிற் பகுதிநேரமாகப் பணியாற்றிய பௌதிகவியலாளர் அலன் கோமக், ராடனின் ஆய்வை அறியாமலே அப்பிரச்சினையை எதிர்கொண்டு, 1963இலும் 1964இலும் தம் தீர்வுகளை வெளியிட்டார். பிரித்தானிய ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியியலாளர் கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த ஆரம்பக் கருவி ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாட்கள் எடுத்தது. அவ்வளவுகளைக் கணனி படமாக்க மேலும் இரண்டரை மணித்தியாலம் சென்றது. அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் பொதுப்பணமும் அவ்வாய்வுக்குத் துணைநின்றது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. 1979இல் நோபல் பரிசு பெற்றோர் கோமக், ஹவுன்ஸ்ஃபீல்ட் ஆகிய இருவரே. எனினும், அறிந்தும் அறியாமலும் ஒருவர் உழைப்பின் மீது மற்றொருவர் உழைப்பு அடுக்கப்பட்டே அப்படம் உருவாயிற்று.

இன்று அதே பணி சில விநாடிகளில் முடிகின்றது. ஆயின், அவ்விநாடிகள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதே நமது வினா.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். குருதிக்குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பதை வெளிக்குறிகளைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. படமே அதனைக் காட்டும். அடைப்பெனின், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்றவேண்டும். குருதிக்கசிவெனின், அம்மருந்தே உயிருக்கு உலைவைக்கும். ஆகவே படத்துக்கு முன்னர் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் இழப்பாகும். கண்டி நகரில் வாழ்பவருக்கும் ஹேவாஹெட்டப் பகுதியின் லயத்தில் வாழும் தொழிலாளிக்கும் இந்த நாலரை மணித்தியாலம் சமமானதன்று.

இச்சமமின்மை இயற்கை விதித்ததன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, இம்மலைகளின் பாதைகள் முதன்மையாக விளைபொருளை வெளியேற்றவே அமைந்தன. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் முதலாகத் தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் தனியொரு பிரிவாகவே கையாளப்பட்டது. அதன் எல்லையை உழைப்பாற்றலைப் பேணும் தேவையே வரையறுத்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்கள், 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டபோதும் அதன் முழுப்பயனையும் அடைந்தாரில்லை.

பேராதனையிற் பயில்வோரும் பயிற்றுவோருமாகிய நாம் ஈண்டு சேனக பிபிலேயை நினைவுகூர்தல் தகும். 1962இல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய அவர், 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராய், வணிகப் பெயர்களின் பிடியிலிருந்து மருந்தை விடுவிக்க முயன்றார். மருந்துக்கு அவர் எழுப்பிய வினாவைப் படமாக்கும் கருவிக்கும் நாம் எழுப்பவேண்டும். கருவியை விலைகொடுத்து வாங்கலாம். அதனைப் பழுதுபார்க்கவும் அதன் கணிப்புமுறையை ஆராயவும் உரிய அறிவு எவர் கையிலுள்ளது?

அண்டை நாட்டு நிகழ்வொன்று இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.ரி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுமுகங்களிற் படமாக்கிய ‘தரணி’ என்னும் தொகுப்பை உலகோர் அனைவரும் இலவசமாகப் பார்க்க வெளியிட்டது. அம்மையம் பெருமுதலாளி ஒருவரின் நன்கொடையால் நிறுவப்பட்டது என்பதை மறத்தலாகாது. எனினும், அறிவைப் பொதுவுடைமையாக வைத்தல் இயலும் என்பதற்கு அத்தொகுப்பு சான்றாகும்.

ஒன்பது நாட்களைச் சில விநாடிகளாகச் சுருக்கியது பல நாட்டாரின் கூட்டுழைப்பு. லயத்திலிருந்து வைத்தியசாலைவரையுள்ள நேரத்தைச் சுருக்குவதற்குப் புதிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை. வீதியும் நோயாளர் வண்டியும் அருகிலொரு படக்கருவியும் போதும். அவற்றைப் பெறுவது அம்மக்களின் அரசியற் போராட்டத்தின் பகுதியாகும்.