அலிபிரிக்கு வந்த பாதை

திருச்சானூரிலிருந்து அலிபிரி சில மைல் தூரம்தான். 2003 அக்டோபர் 1ஆம் தேதி, பிரம்மோற்சவத்திற்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கத் திருமலைக்குப் போய்க்கொண்டிருந்த அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார் அங்கேதான் கண்ணிவெடியில் சிக்கியது. காயத்தோடு தப்பினார். வைத்தது மக்கள் யுத்தக் குழு. ஏழுமலையான் காப்பாத்தினார் என்று ஊரெல்லாம் பேச்சு. வெடி வைக்கிற அளவுக்கு ஒரு மனிதன் எப்படி வந்து சேருகிறான் என்று பேசியவர் குறைவு. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

வறுமைதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். வரலாறு அப்படிக் காட்டவில்லை. 1960களின் கடைசியில் ஸ்ரீகாகுளம் ஆயுதப் போராட்டத்தை நடத்திய வெம்படாபு சத்தியநாராயணா, ஆதிபட்ல கைலாசம் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். 1980இல் மக்கள் யுத்தக் குழுவைத் தொடங்கிய கொண்டபல்லி சீதாராமையாவும் வாத்தியார்தான். வயிறு காய்ந்தவன் கூலிக்குப் போவான். பாடப் புத்தகத்து நியாயத்தையும் கண்ணெதிரே நடக்கிற அநியாயத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தூக்கம் போகும்.

அவர்களும் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மலைவாழ் கிரிஜன மக்களுக்குச் சங்கம் அமைத்து, கூலிக்கும் கடன் கொடுமைக்கும் பல வருஷம் வெளிப்படையாகவே போராடினார்கள். 1967 அக்டோபர் 31 அன்று லெவிடியில், மாநாட்டுக்குப் போன கோரண்ணா, மங்கண்ணா என்ற இரு கிரிஜனர்களை நிலக்காரர்களின் ஆட்கள் கொன்றார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 1968 முடிவதற்குள் ஆயுதப் போராட்டம் ஆரம்பம். 1970 ஜூலையில் அந்த இரு ஆசிரியர்களும் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தார்கள். கோர்ட்டுப் படி இறங்கி வருகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை அரசாங்கங்கள் கவனிப்பதே இல்லை.

ஆனால் கோபக்காரர் எல்லாரும் ஒரே வழியில் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அனந்தபுரம் தரிமெல நாகி ரெட்டி பணக்கார நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. அன்றைய நம் சித்தூர் மாவட்டத்து ரிஷி வேலியில் படித்தவர். 1969இல் சட்டசபைப் பதவியை உதறினார். 1976இல் தலைமறைவாக இருக்கும்போதே காலமானார். இவ்வளவு தீவிரமானவர், தனி ஆளைத் தேடிப்பிடித்துக் கொல்லும் சாரு மஜும்தாரின் வழியை ஏற்கவில்லை. அமைப்பை எதிர்ப்பது வேறு, ஆளை அழிப்பது வேறு என்ற நிதானம் அவருக்கு இருந்தது.

எங்கள் சமணத்தில் இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். தன்னைக் காக்க எதிர்த்து நிற்பது விரோதி ஹிம்சை. திட்டமிட்டுக் கொல்வது சங்கல்பி ஹிம்சை. அதற்கு மன்னிப்பே கிடையாது. தீவிரவாதத்திற்குள் போகிறவன் முதலாவதில் காலை வைத்து, தனக்கே தெரியாமல் இரண்டாவதில் போய் நிற்கிறான்.

அங்கே தள்ளுவது பெரும்பாலும் தலைமறைவு வாழ்க்கைதான். பெயர் மாறுகிறது, வீடு அறுகிறது, கேட்கிற குரல் தோழர்களின் குரல் மட்டும். சந்தேகம் சொன்னவன் கோழை. பக்கத்து ஊர்க்காரன் போலீஸ் ‘இன்ஃபார்மர்’. அப்படிப் பட்டம் கட்டிக் கொல்லப்பட்டவர்களில் ஏழைக் குடியானவர்களும் ஆதிவாசிகளும் எத்தனையோ பேர். யாருக்காகப் புறப்பட்டார்களோ அவர்களேதான்! கூடவே எங்கள் வியாபாரத்தில் காணும் ஒரு குணமும் உண்டு. நஷ்டம் என்று தெரிந்தும், போட்ட முதலை விட மனசு வராமல் மேலும் முதல் போடுவான். இங்கே முதல் என்பது செத்துப்போன நண்பன்.

திரும்பி வர ஒரு கதவு 2004 அக்டோபரில் திறந்தது. காட்டிலிருந்து தலைவர்கள் ஐதராபாத் வந்து அரசோடு பேசினார்கள். 2005 ஜனவரியில் பேச்சு முறிந்தது. மறுபடி என்கவுண்டர், மறுபடி கண்ணிவெடி.

அலிபிரித் தாக்குதலின் பின்னால் இருந்தவர் என்று சொல்லப்பட்ட நம்பாள கேசவ ராவ், 2025 மே 21 அன்று சத்தீஸ்கர் காட்டில் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டார். வாரங்கல் பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக்காரர். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார்.